ஒரு தண்ணீர்க் குழாய்ச் சண்டை: மேபல் நார்மண்டை முன்வைத்து

நாம் பணிபுரியும் கல்லூரியில் முதுகலைத் தமிழ் மாணவர்களுக்குத் திரைப்பட ரசனை என்றொரு விருப்பப்பாடம் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம். சன்னல்களில் போர்வை கட்டி இருட்டாக்கிய ஓர் அறை, ஒலிபெருக்கி கெட்டுப்போன ஒரு ப்ரொஜெக்டர். ஒலி வராத கருவியில் மௌனப் படம் காட்டிவிடலாம் என்று ஒருநாள் முடிவு செய்தோம். இதில் கலைநோக்கு இருந்ததாக எவரும் தற்குறிப்பேற்றம் செய்ய வேண்டாம், வெறும் சிக்கனம்தான்.

அன்று காட்டியது 'மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் ப்ரெடிகமென்ட்' என்னும் 1914ஆம் ஆண்டுக் குறும்படம். தொளதொளத்த காற்சட்டை, இறுகிய மேற்சட்டை, வட்டத் தொப்பி, பிரம்பு ஆகியவற்றோடு சார்லி சாப்ளின் முதன்முதலாகக் கேமராவுக்கு முன்னால் வந்து நின்ற படம் அது. (அடுத்து எடுத்த 'கிட் ஆட்டோ ரேசஸ்' இரண்டு நாள் முந்திக்கொண்டு பிப்ரவரி 7ஆம் தேதி வெளியாகிவிட்டது, ஆனால் அந்த உடையோடு முதலில் படமானது இதுவே.) ஒரு விடுதியின் வரவேற்பறையில் குடிபோதையில் தள்ளாடும் சாப்ளினைக் கண்டதும் மாணவர்கள் கைதட்டினர். எதிர்பார்த்ததுதான். படம் முடிந்த பிறகு பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து கேட்டார்: "ஐயா, பைஜாமாவோடு அறைக்கு வெளியே மாட்டிக்கொண்டு, எதிர் அறைக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தாரே, அந்த அம்மா யார்?"

"அவர் மேபல் நார்மண்ட். சாப்ளினுடன் நடித்தவர்" என்றோம். அந்தப் பெண் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த இரண்டு சொற்கள் உறுத்திக்கொண்டே இருந்தன. பொய் ஒன்றும் சொல்லிவிடவில்லை. ஆனால் 1914 தொடக்கத்தில் அமெரிக்கத் திரையரங்குகளுக்குச் சென்ற எவரிடமேனும் இந்த வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். படத்தின் பெயரிலேயே மேபல் இருக்கிறார். கீஸ்டோன் நிறுவனத்தின் முதன்மை நட்சத்திரம் அவர். ஆய்வாளர் பலரும் இன்று ஏற்பதன்படி அந்தப் படத்தை இயக்கியவரும் அவரே. சாப்ளினோ இங்கிலாந்திலிருந்து நாடகக்குழுவோடு வந்து, வாரம் 150 டாலர் சம்பளத்தில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்த புதியவர். அன்றைய கணக்கில் மேபலுடன் நடித்தவர் சாப்ளின்.

சாப்ளினைப் பற்றித் தமிழில் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. அவருடைய தன்வரலாற்றை மேற்கோள் காட்டாத திரைக்கட்டுரையாளர் அரிது. நாமும் அப்படிக் காட்டியவர்களுள் ஒருவரே. ஆகவே இதை ஒரு பிழைதிருத்தமாக எழுதுகிறோம்.

மேபல் 1892 நவம்பர் 9ஆம் தேதி நியூயார்க்கை ஒட்டிய ஸ்டேட்டன் தீவில் நியூ பிரைட்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் தச்சர். வசதியற்ற குடும்பம். பதின்பருவத்திலேயே ஓவியர்களுக்கு மாதிரியாக நிற்கும் வேலைக்குப் போனார். 'கிப்சன் பெண்' என்று அமெரிக்க இதழ்களில் புகழ்பெற்ற அழகிய சித்திரங்களை வரைந்த சார்லஸ் டேனா கிப்சனுக்கும் மாதிரியாக இருந்திருக்கிறார். அங்கிருந்து பயோகிராஃப், விடாகிராஃப் படநிறுவனங்கள். பயோகிராஃபில் டி.டபிள்யூ. கிரிஃபித் இயக்கிய படங்களில் துயரம் தோய்ந்த மென்மையான பெண்களுக்கே மதிப்பு. மேபலுக்கு நீந்தத் தெரியும், குதிரையேறத் தெரியும், உயரத்திலிருந்து தண்ணீரில் பாயத் தெரியும். கண்ணீரைவிடத் தண்ணீரில் கெட்டிக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். அதே நிறுவனத்தில் நகைச்சுவைப் படம் எடுத்துக்கொண்டிருந்த மேக் சென்னட் இதைக் கண்டுகொண்டார். 'தி டைவிங் கேர்ள்' 1911இல் வந்தது.

1912இல் சென்னட் கீஸ்டோன் நிறுவனத்தைத் தொடங்கியபோது உடன் சென்ற மிகச் சிலருள் மேபலும் ஒருவர். செப்டம்பர் 23ஆம் தேதி அந்நிறுவனத்தின் முதல் வெளியீடாக வந்த இரு சிறு படங்களில் 'தி வாட்டர் நிம்ஃப்' மேபலின் நீச்சலை நம்பியே எடுக்கப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸின் ஈடன்டேல் பகுதியில் அமைந்த அந்தப் படப்பிடிப்புக்கூடத்தைப் பற்றி எத்தனையோ கதைகள் உண்டு. கீஸ்டோன் போலீஸ்காரர்கள், துரத்தல்கள், முகத்தில் எறியும் கஸ்டர்டு அப்பங்கள். முதல் அப்பத்தை எறிந்தவர் மேபல்தான் என்று அடித்துச் சொல்லும் இணையப் பக்கங்கள் பல இருக்கின்றன. பென் டர்பின் 1909இலேயே 'மிஸ்டர் ஃப்ளிப்' படத்தில் முகத்தில் அப்பம் வாங்கிவிட்டார். மேபலுக்குப் பெருமை சேர்க்க இத்தகைய கட்டுக்கதை தேவையில்லை.

1913 இறுதியிலிருந்து அவர் தம் படங்களைத் தாமே இயக்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. அமெரிக்கப் பெண்கள் அனைவர்க்கும் வாக்குரிமை வந்தது 1920இல்தான் (கலிஃபோர்னியா 1911இலேயே தந்துவிட்டது) என்பதை நினைவில் கொண்டால் அதன் எடை புரியும். அன்று அவர் மட்டுமே பெண் இயக்குநர் அல்லர். ஆலிஸ் கீ இருந்தார், லோயிஸ் வெபர் இருந்தார். ஆனால் தடிமனான ஆண்கள் ஒருவரையொருவர் செங்கலால் அடித்துக்கொள்ளும் அந்தக் கோமாளிக்கூடத்தில் நின்று ஒரு பெண் ஆணையிட்டது வேறொரு வகைத் துணிவு.

அவருடைய நகைச்சுவை எத்தகையது? நம் பாடத்துக்குப் பழகிய வழியிலேயே சொல்லிப் பார்க்கிறோம். தொல்காப்பியர் நகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நான்கு நிலைக்களன் கூறுகிறார். எள்ளல் அவற்றுள் ஒன்று, இளமை மற்றொன்று. கீஸ்டோன் படங்களின் சிரிப்பு பெரும்பாலும் எள்ளலில் பிறப்பது. குண்டானவனை, குடிகாரனை, மூடனாகிய போலீஸ்காரனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். மேபலைப் பார்த்து அப்படிச் சிரிக்க முடியாது. ஒரு குறும்புக்காரத் தங்கையோடு சேர்ந்து சிரிப்பதுபோல அவரோடு சேர்ந்தே சிரிக்கிறோம். இளமை என்று தொல்காப்பியர் சொன்னதன் விளக்கத்தை உரையாசிரியர்களிடம் படித்தபோது பிடிபடாத ஒன்று மேபலின் படங்களைப் பார்த்தபோது பிடிபட்டது என்றால் மிகை என்று கருத வேண்டாம்.

சான்றுக்கு 'மேபல்ஸ் ப்ளண்டர்'. 1914இல் வந்த இப்படத்தை எழுதி, இயக்கி, நடித்தவர் மேபல். சாப்ளின் இதில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அலுவலகம் ஒன்றில் தட்டச்சு வேலை பார்க்கும் பெண் முதலாளியின் மகனை மணக்க இரகசியமாக உறுதி செய்திருக்கிறாள். முதலாளிக்கும் அவள்மேல் ஒரு கண். ஒருநாள் வேறொரு பெண் வந்து காதலனைக் கட்டித் தழுவுகிறாள். (அவள் அவனுடைய உடன்பிறந்த சகோதரி என்பது நமக்குத் தெரியும், மேபலுக்குத் தெரியாது.) அந்தக் கணத்தில் மேபலின் முகத்தைக் கவனியுங்கள். கீஸ்டோனின் வேறு எந்த நடிகராக இருந்தாலும் கையை ஆட்டி, காலை உதைத்து, தலைமுடியைப் பிய்த்துக்கொண்டிருப்பார். மேபல் நின்ற இடத்தில் நிற்கிறார். நம்பாமை, பின் நம்பிக்கை இழப்பு, பின் சினம், அதையும் மீறி வரும் அழுகை என்று முகம் மட்டும் மாறிக்கொண்டே போகிறது. ஒலியில்லாப் படத்தில் சும்மா நிற்பது எவ்வளவு கடினம் என்பதை அக்காலத்துப் பிற படங்களைப் பார்த்தவர்களே அறிவர். பிறகு தம்பியின் காரோட்டி உடையைத் தாம் அணிந்து, தம் பாவாடையைத் தம்பிக்கு அணிவித்துவிட்டுக் காதலனைப் பின்தொடர்ந்து போகிறார். முதலாளி பாவாடை அணிந்த பையனை மேபல் என்று எண்ணி அழைத்துச் செல்ல, அதன்பின் கதை வழக்கமான குழப்பங்களில் ஓடி முடிகிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 2009இல் இப்படம் சேர்க்கப்பட்டது.

இனித் தலைப்புக்குக் காரணமான சண்டைக்கு வருவோம்.

'மேபல் அட் தி வீல்' 1914 ஏப்ரலில் வெளியான இரண்டு சுருள் படம். ஓர் உண்மையான கார்ப் பந்தயத்தின் காட்சிகளும் இதில் கலந்துள்ளன. காதலனோடு ஊடல் கொண்ட மேபல் வில்லன் சாப்ளினின் மோட்டார்சைக்கிளில் ஏறிச் சென்று, வழியில் சேற்றில் விழுந்து, காதலனிடமே திரும்புகிறார். சினம்கொண்ட வில்லன் பந்தயத்துக்கு முன் காதலனைக் கடத்திவிட, மேபலே காரை ஓட்டி வெல்கிறார். ஒரு பெண் சக்கரத்தின் முன் அமர்ந்ததைப் பொறுக்காத வில்லன் குமுறுவதுதான் கதை. படத்துக்கு வெளியே நடந்ததும் ஏறத்தாழ அதுவே.

1964இல் வெளியான தன்வரலாற்றில் சாப்ளின் அந்நிகழ்ச்சியை விரிவாக எழுதியிருக்கிறார். சாலைக்குத் தண்ணீர் தெளிக்கும் ஒரு காட்சி. குழாயைத் தாம் காலால் மிதித்துக்கொண்டு, தண்ணீர் ஏன் வரவில்லை என்று முனையை உற்றுப் பார்ப்பதுபோலவும், காலை எடுத்ததும் தண்ணீர் முகத்தில் பீறிடுவதுபோலவும் செய்யலாமா என்று கேட்டாராம். நேரமில்லை, சொன்னதைச் செய்யுங்கள் என்றாராம் மேபல். சாப்ளின் மறுத்து, எமக்கு ஆணையிடும் தகுதி உமக்கு உண்டென்று தோன்றவில்லை என்ற பொருள்படப் பேசிவிட்டுப் போய்ச் சாலையோரத்தில் அமர்ந்துவிட்டார். படப்பிடிப்பு நின்றது. குழுவினருள் ஓரிருவர் சாப்ளினை அடிக்கவே எழுந்ததாகவும், மேபல்தான் தடுத்ததாகவும் பின்னர் அறிந்தாராம். மேபல் இனியவர், அழகானவர், எல்லோர்க்கும் பிடித்தவர், அவருக்கு வயது இருபதுதான் என்றெல்லாம் பரிவோடும் எழுதுகிறார். சென்னட் சீறினார். வேலையே போயிருக்கும். ஆனால் சாப்ளின் படங்கள் நன்றாக ஓடுகின்றன, இன்னும் அனுப்புக என்று நியூயார்க்கிலிருந்து தகவல் வந்ததும் சென்னட் இறங்கி வந்தார். விரைவில் தம் படங்களைத் தாமே இயக்கும் உரிமை சாப்ளினுக்குக் கிடைத்தது.

இதை முதன்முதலில் படித்தபோது நாமும் சாப்ளின் பக்கமே நின்றோம். மேதையைப் புரிந்துகொள்ளாத ஓர் இளம்பெண், மேதை பொறுமையிழக்கிறார், பின்னர் உலகை வெல்கிறார். கதை அழகாக அமைந்துவிடுகிறது. இப்போது மீண்டும் படிக்கும்போது வேறு சில கேள்விகள் எழுகின்றன.

முதலாவது, அந்த நகைச்சுவை. குழாயை மிதித்தலும் முனையை உற்றுப் பார்த்தலும் தண்ணீர் பீறிடலும் லூமியேர் சகோதரர்கள் 1895இல் திரையிட்ட தோட்டக்காரன் படத்தில் உள்ளவை. அங்கே ஒரு சிறுவன் மிதிக்கிறான், தோட்டக்காரன் நனைகிறான். திரைப்படம் பிறந்தபோதே பிறந்த நகைச்சுவை அது. சாப்ளின் அதைத் தாமே மிதித்துத் தாமே நனைவதாக மாற்றினார் என்பது உண்மைதான். ஆயினும் பத்தொன்பது ஆண்டுப் பழைய வேடிக்கையை வேண்டாம் என்று ஓர் இயக்குநர் சொன்னால் அவர் நகைச்சுவை அறியாதவர் ஆகிவிடுவாரா? இரண்டாவது, நேரம். கீஸ்டோன் வாரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட படங்களை அனுப்பிக்கொண்டிருந்த தொழிற்சாலை. படப்பிடிப்பு சூரிய ஒளியில் நடந்தது. மாலை சாய்ந்தால் அன்றைய வேலை முடிந்தது. நேரமில்லை என்பது சாக்குப்போக்காகத் தோன்றலாம். இயக்குநருக்கு அது அன்றாட உண்மை. மூன்றாவது, சாப்ளின் இதற்கு முன்பே கீஸ்டோனின் ஆண் இயக்குநர்களோடும் மோதியவர். ஹென்றி லெர்மன் தம் நடிப்பை வெட்டிச் சிதைத்துவிட்டதாக அவர் மனத்தாங்கல் கொண்டிருந்ததை அதே நூலில் காணலாம். ஆனால் பிற்காலத்தில் வாய்வழியாகப் பரவி நின்றது மேபலின் திறமையின்மை பற்றிய கதை மட்டுமே. 1992இல் ரிச்சர்ட் அட்டன்பரோ எடுத்த 'சாப்ளின்' திரைப்படத்தில் மரிசா டோமி நடித்த மேபலைப் பார்த்தவர்கள் இதை உணர்வர்.

சாப்ளினைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. கீஸ்டோனின் அவசரம் அவருடைய கலைக்கு மூச்சுமுட்டியது என்பதும், அவர் கேட்ட அவகாசம் நியாயமானது என்பதும் அவருடைய பிற்காலப் படங்களால் தெளிவாகின்றன. மறுபுறம், சாப்ளினுக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தவரே மேபல்தான் என்று எழுதும் இன்றைய சில ஆர்வலர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. ஓர் அநீதிக்கு இன்னோர் அநீதியால் ஈடுகட்ட முடியாது. நாம் சொல்வது இவ்வளவே: அச்சண்டைக்கு இரண்டு பக்கங்கள் இருந்தன, ஒரு பக்கத்தார் மட்டுமே தன்வரலாறு எழுதினார். அதுவும் ஐம்பது ஆண்டுகள் கழித்து, மற்றவர் இறந்து முப்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின்.

சண்டையிட்ட இருவரும் ஓரிரு வாரங்களில் 'காட் இன் எ காபரே' படத்தில் மீண்டும் இணைந்தனர். அதையும் இயக்கியவர் மேபல். அவ்வாண்டு முழுவதும் சேர்ந்து நடித்தனர். ஆண்டிறுதியில் மேரி டிரெஸ்லரோடு இருவரும் நடித்த 'டில்லீஸ் பங்ச்சர்ட் ரொமான்ஸ்' முதல் முழுநீள நகைச்சுவைப் படம் என்று வரலாற்றில் இடம்பெற்றது. படம் என்ற அளவில் அது நமக்கு அத்துணை உவப்பில்லை. நீளம் கூடியதற்கேற்ப உதைகளும் கூடியுள்ளன, அவ்வளவே.

சாப்ளின் கீஸ்டோனை விட்டுச் சென்றபின் ராஸ்கோ ஆர்பக்கிளோடு மேபல் நடித்த படங்கள் வேறு தரம். 'ஃபேட்டி' என்று உலகம் அழைத்த அந்தப் பருத்த உடல்காரரும் மேபலும் எளிய வீட்டுத் தம்பதியாக வருவர். 1916 ஜனவரியில் வந்த 'ஃபேட்டி அண்ட் மேபல் அட்ரிஃப்ட்' படத்தில் புதுமணத் தம்பதியின் கடற்கரைக் குடிலைப் பொறாமைக்காரன் ஒருவன் இரவில் கடலில் மிதக்கவிட்டுவிடுகிறான். அதற்கு முன் ஒரு காட்சி: உறங்கும் மனைவிக்கு முத்தமிட வருகிறான் கணவன். உடல் வருவதில்லை, சுவரில் அவனுடைய நிழல் குனிந்து அவளை முத்தமிட்டு விலகுகிறது. அவள் விழிப்பதில்லை. இயக்கம் ஆர்பக்கிள். கோமாளிப் படமொன்றின் நடுவில் இப்படியொரு அமைதி நுழையும் என்று எவரும் எதிர்பாரார். நம் அகப்பாடல்களைப் படித்துப் பழகிய கண்ணுக்கு அந்த நிழல் உடனே நெருக்கமாகிவிடுகிறது.

இதற்கிடையே மேபலின் சொந்த வாழ்க்கையில் நிழல்கள் வேறுவகையாக விழத் தொடங்கியிருந்தன. சென்னட்டோடு நடக்கவிருந்த திருமணம் 1915இல் முறிந்தது. அவ்வாண்டே தலையில் பலத்த காயம்பட்டு உயிராபத்தான நிலையில் கிடந்தார். 1916இல் அவர் பெயராலேயே ஒரு படநிறுவனம் அமைந்தது. அதன் ஒரே படமான 'மிக்கி' 1917இல் முடிந்தும் விநியோகச் சிக்கல்களில் கிடந்து 1918 ஆகஸ்டில்தான் வந்தது, வந்ததும் பெருவெற்றி. சுரங்க ஊரில் பையனைப்போல் வளர்ந்த பெண், நகரத்து உறவினர் வீட்டில் வேலைக்காரியாகி, பந்தயக் குதிரையேறி, காதலில் வெல்லும் கதை. படத்தின் பெயரில் ஒரு பாட்டு இசைத்தாளாக விற்றது. மௌனப் படத்துக்குப் பாட்டு! சாமுவேல் கோல்ட்வின் நிறுவனத்துக்கு அவர் நடித்த படங்களைப் பற்றிப் பேச வழியில்லை. பெரும்பாலானவை அழிந்துவிட்டன.

பின்னர் வந்தவை பத்திரிகைகள் விரும்பிய ஆண்டுகள். 1921 செப்டம்பரில் ஆர்பக்கிள் மீது வழக்கு. மூன்று விசாரணைகளுக்குப் பின் 1922 ஏப்ரலில் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. ஆயினும் அவருடைய திரைவாழ்வு சிதைந்தது. அவ்விசாரணைகளுக்கு நடுவே, 1922 பிப்ரவரி 1ஆம் தேதி இரவு, இயக்குநர் வில்லியம் டெஸ்மண்ட் டெய்லர் தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று மாலை அவரைப் பார்க்கச் சென்று, ஏழே முக்கால் அளவில் விடைபெற்றுத் திரும்பியவர் மேபல். கொலையாளியைத் தவிர்த்தால் டெய்லரை உயிரோடு கடைசியாகக் கண்டவர் அவரே. இருவர்க்கும் இடையிலான நட்பில் புத்தகங்களுக்கும் பங்கிருந்தது; டெய்லர் அவருக்கு நூல்களைத் தேர்ந்து தருபவர். இதையெல்லாம் எந்தப் பத்திரிகையும் பெரிதுபடுத்தவில்லை. மேபல் மீது காவல்துறை குற்றம் சாட்டவில்லை. அக்கொலை இன்றுவரை துலங்கவுமில்லை. 1924 புத்தாண்டு நாளில் அவருடைய காரோட்டி, மேபலுக்குச் சொந்தமான துப்பாக்கியால் கோர்ட்லண்ட் டைன்ஸ் என்னும் செல்வந்தரைச் சுட்டார். டைன்ஸ் பிழைத்தார். காரோட்டி விடுவிக்கப்பட்டார். அந்த அறையில் சாப்ளினின் படநாயகி எட்னா பர்வியன்ஸும் இருந்தார். ஒஹையோ மாநிலத் தணிக்கைக் குழு மேபலின் படங்களுக்குத் தடை விதித்தது. சுட்டவருமல்லர், சுடப்பட்டவருமல்லர், தண்டனை மட்டும் அவருக்கு.

இந்தப் பகுதியைப் பற்றித் தனி நூல்களே உள்ளன. மேபலைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி இதுவே என்பதால் நாம் இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

துப்பாக்கிச் சத்தத்துக்குச் சற்று முன், 1923இல் வெளிவந்த 'தி எக்ஸ்ட்ரா கேர்ள்' அவருடைய முழுநீளப் படங்களுள் நமக்கு மிகவும் பிடித்தது. வேறொரு பெண்ணின் புகைப்படம் தவறுதலாகப் போய்ச் சேர்ந்ததால் போட்டியில் வென்று, நடிகையாகும் கனவோடு ஹாலிவுட் வந்த சிற்றூர்ப் பெண்ணுக்குப் படநிறுவனத்தின் உடைப்பிரிவில்தான் வேலை கிடைக்கிறது. சிங்கத்தோல் போர்த்திய நாயொன்றை அழைத்துச் செல்ல வேண்டிய இடத்தில், உண்மைச் சிங்கத்தையே கயிற்றில் கட்டி, நாய் என்று எண்ணிக்கொண்டு படக்கூடம் முழுக்க இழுத்துச் செல்கிறாள். சிங்கத்தைக் கண்டு சிதறி ஓடுகிறவர்களைப் பார்த்து அவளுக்கு வியப்பு. தோலைக் கண்டு இப்படியா பயப்படுவார்கள்? நடுநடுவே கயிற்றைச் சுண்டி இழுத்து அதட்டவும் செய்கிறாள். பார்க்கும் நமக்கு அது சிங்கம் என்று தெரியும், அவளுக்குத் தெரியாது. 'மேபல்ஸ் ப்ளண்டர்' படத்தில் கண்ட அதே உத்தி, ஒன்பது ஆண்டுகளில் எவ்வளவு வளர்ந்திருக்கிறது!

1926இல் ஹால் ரோச் நிறுவனத்துக்குச் சில குறும்படங்களில் நடித்தார். அவற்றில் ஒன்றான 'ராகெடி ரோஸ்' ஆக்கத்தில் ஸ்டான் லாரலுக்குப் பங்குண்டு. அவ்வாண்டே நடிகர் லூ கோடியை மணந்தார். காசநோய் முற்றி, 1930 பிப்ரவரி 23ஆம் தேதி கலிஃபோர்னியாவின் மன்ரோவியா ஊர்க் காசநோய் மருத்துவமனையில் காலமானார். 37 வயது. கல்லறைக் கல்லில் பிறந்த ஆண்டு 1895 என்று இருக்கிறது. அதிலும் அவருக்குச் சரியான குறிப்பு அமையவில்லை.

சென்னட் 1954இல் தம் நினைவுக் குறிப்பை வெளியிட்டார். அதில் மேபல் கைநழுவிய காதலியாக வருகிறார். 1974இல் பிராட்வேயில் மேடையேறிய 'மேக் அண்ட் மேபல்' இசைநாடகம் அந்தக் காதலையே பாடியது. சாப்ளினின் நூலில் இனிமையான ஆனால் தகுதியற்ற மேலதிகாரி. பத்திரிகைகளில் கொலைவழக்குப் பெண். ஆக, மேபலைப் பற்றிய சொற்கள் அனைத்தும் பிறருடையவை. அவருடையவை என்று எஞ்சியிருப்பவை படங்கள் மட்டுமே; அவையும் முழுமையாக இல்லை. அமெரிக்க மௌனகால முழுநீளப் படங்கள் ஏறத்தாழ 11,000இல் வெளியான வடிவத்திலேயே எஞ்சியவை 14 விழுக்காடுதான் என்று நாடாளுமன்ற நூலகத்துக்காக 2013இல் செய்யப்பட்ட ஆய்வு கூறுகிறது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. மேபல் இயக்கிய படங்களில் சிறந்த படிவங்களாக இன்று நமக்குக் கிடைப்பவை சாப்ளின் நடித்தவையே. சாப்ளினின் கீஸ்டோன் படங்களைப் பல நாட்டு ஆவணக்காப்பகங்களின் பிரதிகளிலிருந்து தொகுத்துச் செப்பனிட்டு 2010இல் வெளியிட்டபோது, மேபலின் இயக்கமும் உடன் காப்பாற்றப்பட்டது. அவரை மறைத்த பெயரே அவரைக் காத்தும் கொடுத்தது. சாப்ளின் இல்லாத படங்களுக்கு நற்பேறு வேண்டியிருந்தது. மேபல் இயக்கிய 'வொன் இன் எ க்ளாஸெட்' என்ற 1914ஆம் ஆண்டுப் படம் உலகிலிருந்தே தொலைந்ததாகக் கருதப்பட்டு, 2010இல் நியூசிலாந்துக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது. வெளிநாட்டுக்குப் போன பிரதிகளைத் திருப்பி அனுப்பும் கப்பற்செலவு வீண் என்று அங்கேயே விடப்பட்டவற்றுள் அதுவும் ஒன்று. ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊரூராக அலைந்தவரின் வரலாற்றைப் படித்து வளர்ந்த நமக்கு இச்செய்தி தரும் மகிழ்ச்சியை விளக்க வேண்டியதில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் அந்த மாணவியை எழுப்பிக் குறிப்பேட்டைத் திருத்தச் சொன்னோம். 'சாப்ளினுடன் நடித்தவர்' என்பதை அடித்துவிட்டு 'இயக்குநர், நடிகை, 1892-1930' என்று எழுதிக்கொண்டார். தேர்வில் கேட்கமாட்டார்கள்தானே என்று பக்கத்து மாணவர் கேட்டார். கேட்கமாட்டார்கள் என்றோம். பிறகு 'தி எக்ஸ்ட்ரா கேர்ள்' படத்தின் அந்தப் பகுதியைப் போட்டோம். சிங்கம் வந்ததும் அறை அதிர்ந்தது. துறைத்தலைவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முடிந்ததும் அதே மாணவிதான் முதலில் கேட்டார்:

"ஐயா, அது நிசமாகவே சிங்கமா?"

"நிசச் சிங்கம்தான்" என்றோம்.

இன்னொரு முறை போடச் சொன்னார்கள்.